தைத்து எடுக்கும் தோணி

சட்டை வெட்டித் தைக்கத் தெரிந்த சகோதரி ஒருவருக்குத் தோணி கட்டும் வேலையில் பாதி ஏற்கனவே தெரியும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மைதான்.

1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சிறு பாய்த்தோணி உருவானது. தொலைக்காட்சியில் வீட்டுத் திருத்த வேலைகளைக் கற்றுக்கொடுத்து வந்த பெரி பக்னெல் என்பவரும், ஜெக் ஹோல்ற் என்ற தோணி வடிவமைப்பாளரும் சேர்ந்து அதை அமைத்தார்கள். 'டெய்லி மிரர்' பத்திரிகை தன் பெயரை அதற்குக் கொடுத்தது. நீளம் பதினொரு அடிக்குச் சற்றுக் குறைவு. தச்சு வேலை பழகாத குடும்பங்கள் வெட்டிய பலகைகளை வாங்கி வந்து வீட்டிலேயே கட்டி முடித்தன. இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் தோணிகள் கட்டப்பட்டுள்ளன.

இதன் இரகசியம் தையல்தான். பிளைவூட் துண்டுகளின் ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து முறுக்குவார்கள். பிறகு உட்புற மூட்டின் மேல் கண்ணாடி நார் நாடாவை வைத்துப் பிசின் பூசுவார்கள். பிசின் இறுகியதும் வெளியே நிற்கும் கம்பியை வெட்டிவிட்டு வெளிப்புறத்துக்கும் நாடா ஒட்டுவார்கள். நாம் முதலில் நூலோடிப் பிடித்து, மெஷின் தையல் போட்ட பின் அந்த நூலை உருவுவது போலத்தான்.

தோணியைத் தைப்பது இங்கிலாந்துக்காரரின் கண்டுபிடிப்பும் அல்ல. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்தியாவிலும் யெமனிலும் தும்புக் கயிற்றால் கப்பல் தைப்பதைத் தமது பயண நூலில் குறிப்பிடுகிறார். ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் இணங்கிக் கொடுக்கும் என்பது அவர் தரும் காரணம். 1980இல் ஓமானிலிருந்து புறப்பட்ட 'ஸுஹார்' என்ற கப்பலும் அவ்வாறே ஆணியின்றித் தைக்கப்பட்டது. வழியில் இலங்கையிலும் தங்கி, 1981இல் அது சீனாவை அடைந்தது.

அந்தக் கப்பல்களில் தையல் கடைசிவரை நின்று பாரத்தைத் தாங்கியது. பிளைவூட் தோணியில் அப்படியில்லை. கம்பி போய்விடும், பலகையும் பிசினும்தான் மிஞ்சும். ஆகவே தைக்குமுன் செய்யும் ஆயத்தத்தில்தான் தோணியின் ஆயுள் இருக்கிறது.

முதலில் பலகை. மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதே பிளைவூட். இவ்வகைச் சிறு தோணிக்கு நாலு முதல் ஆறு மில்லிமீற்றர் கனம் போதும். அலுமாரிக்கு வாங்கும் மலிவான பலகை உதவாது. அதன் பசை தண்ணீரில் விட்டுப்போகும். அதைவிட மோசமானது, உள் தாள்களுக்கிடையே மறைந்திருக்கும் வெற்றிடம். ஓரத்தால் புகும் நீர் அங்கே போய்த் தங்கும். மேலே பெயின்ற் பளபளக்கும், உள்ளே பலகை உக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தோணியில் ஏறப்போவது நமது பிள்ளைகள் அல்லவா? கடலுக்குரிய பிளைவூட்டில் 'பீ.எஸ். 1088' என்ற பிரித்தானியத் தர இலக்கம் இருக்கும். ஆனால் முத்திரையை யாரும் குத்தலாம்! ஒரு சிறு துண்டை வெட்டி, பழைய சட்டியில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். காயவைத்து மறுபடியும் கொதிக்க விடுங்கள். தாள் பிரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வெட்டிய ஓரம் முழுவதையும் வெளிச்சத்தில் பார்த்து, துவாரம் உண்டா என்றும் தேடுங்கள்.

அடுத்தது அளவு போடுதல். படத்திலுள்ள அளவுகளைப் பலகையில் புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிறு ஆணி அடிப்பார்கள். முடிச்சில்லாத மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அந்த ஆணிகளில் சாய்த்து வளைத்து, பென்சிலால் கோடு இழுப்பார்கள். பிறகு பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். கோட்டில் மேடு பள்ளம் தெரிந்தால், அளவு சரியென்று கணக்குச் சொன்னாலும் கண்ணையே நம்ப வேண்டும். கழுத்து வெட்டும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது இதுதானே.

கோட்டின் மேலேயே வாளை வைக்கக்கூடாது. சற்று வெளியே வெட்டி, சீவுளியால் கோடு வரை சீவி வர வேண்டும். இடது வலது பக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கிச் சேர்த்தே சீவினால் இரண்டும் ஒரே அளவாக வரும். வெட்டியவுடன் ஒவ்வொரு துண்டிலும் 'முன்', 'உள்', 'இடது' என எழுதிவிடுங்கள். இரண்டு கையும் இடக்கையாக வெட்டிவிட்ட சட்டையைக்கூட துணி வாங்கிச் சரிசெய்யலாம். இந்தப் பலகையின் விலை அப்படியல்ல!

பலகை எட்டடி, தோணி அதைவிட நீளம் என்றால் இரண்டை இணைக்க வேண்டும். இரு முனைகளையும் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது வழக்கம். ஆறு மில்லிமீற்றர் பலகைக்கு 48 மில்லிமீற்றர் சரிவு. இப்போது கணினி இயந்திரத்தால் வெட்டிய துண்டுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் இந்தச் சிரமம் பெரும்பாலும் குறையும்.

மிரர் தோணிகளுக்கு ஆரம்பத்தில் பொலியெஸ்டர் பிசின் பாவித்தார்கள். இன்று பலரும் பாவிப்பது எபொக்சி. அதன் இரு பகுதிகளையும் சொன்ன விகிதத்திலேயே கலக்க வேண்டும். 'சீக்கிரம் இறுகட்டும்' என்று ஒன்றைக் கூட்டினால் அது ஒருபோதும் சரியாக இறுகாது. எங்கள் ஊர் வெப்பத்தில் கோப்பை நிறையக் கலக்கவும் வேண்டாம். கோப்பைக்குள்ளேயே கொதித்துப் புகையத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தட்டையான பாத்திரத்தில் பரப்பி எடுங்கள். கையுறை கட்டாயம். தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் இலேசில் போகாது. தேய்க்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தூரத்தில் வையுங்கள்.

தைக்குமுன் வெட்டிய ஓரங்கள் பிசினைக் குடித்து நிறைய வேண்டும். முதற்பூச்சை மரம் உறிஞ்சிவிடும், இன்னொரு முறை பூசுங்கள். ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகத் துளைகள் போதும். வளைவு அதிகமான முன்பக்கத்தில் நெருக்கமாக இடுங்கள். துண்டுகள் எல்லாம் ஆயத்தமாகிவிட்டால், தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒரே பகலில் தோணி வடிவத்தில் எழுந்துவிடும். அன்றைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பலகைகளைச் சேர்த்துப் பிடிக்க, மற்றவர் கம்பியை முறுக்க.