இங்க் டேங்க் பிரிண்டர் கசிகிறதா? முதலில் மையின் நிறத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் பிரிண்டரும் வாங்குகின்றனர். பாட்டிலில் வரும் மையை நாமே ஊற்றிக் கொள்ளும் இங்க் டேங்க் வகையை எப்சன் நிறுவனம் 2010-ல் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. பின்னர் கேனான், எச்.பி. நிறுவனங்களும் வெளியிட்டன. இதில் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் மை கசிந்தால் பலரும் பயந்து விடுகின்றனர்.

செஞ்சியில் எங்கள் தெரு அக்கா ஒருவர் சென்னையிலிருந்து வீடு மாற்றி வந்தபோது, பிரிண்டரையும் வண்டியில் ஏற்றி வந்தார். மறுநாள் மேஜையெல்லாம் நீல மை. "டேங்க் ஓட்டையாம் தம்பி, புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார். நான் பார்த்தபோது ஓட்டை எதுவும் இல்லை. நீல மை டேங்கின் மூடி சரியாக அழுந்தவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கசிகிறது?

டிஸ்பென்சரில் கவிழ்த்து வைத்த வாட்டர் கேனை நினைத்துக் கொள்ளுங்கள். கேனுக்குள் காற்று புகாத வரை தண்ணீர் வழியாது. மேலே சிறு ஓட்டை போட்டால் வழிந்து விடும். பல இங்க் டேங்குகளும் இப்படித்தான் இயங்குகின்றன. மூடி தளர்ந்தால் மை தானாக வெளியேறும்.

வெயிலும் ஒரு காரணம். டேங்குக்குள் உள்ள காற்று 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 5 சதவீதம் விரிந்து மையைத் தள்ளும். செஞ்சி போன்ற பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர்களில், கோடையில் பிரிண்டரை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. பவர் பட்டனை அழுத்தி அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக் கொள்ளும்.

2. டேங்க் பக்கம் ஒரே நிற மை இருந்தால், அந்த நிறத்தின் மூடியைப் பாருங்கள். வாயைத் துடைத்து, நன்றாக அழுத்தி மூடுங்கள். மை மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

3. இடம் மாற்றிய பிறகு கசிந்தால், பிரிண்டர் சாய்ந்திருக்கலாம். சமதளத்தில் சில மணி நேரம் வையுங்கள். சில மாடல்களில் மையை நிறுத்தும் திருகு இருக்கும். எடுத்துச் செல்லும் முன் அதை மூடி, வைத்த பின் திறக்க வேண்டும்.

4. அடியில் எல்லா நிறமும் கலந்த கருப்பு மை வந்தால், டேங்கில் கோளாறு இல்லை. ஹெட் கிளீனிங் செய்யும்போது வீணாகும் மையை உறிஞ்சும் பேட் நிறைந்திருக்கலாம்.

இந்த நான்காவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. பேட் நிறைந்ததாக மெசேஜ் வந்து பிரிண்டர் நின்றால், ரீசெட் சாஃப்ட்வேர் மூலம் ஓட வைத்து விடலாம் என்பார்கள். அது எண்ணிக்கையை மட்டுமே பூஜ்யமாக்கும், பேட் காலியாகாது. பேட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சில புதிய மாடல்களில் இதற்கென உள்ள பெட்டியை நாமே மாற்றலாம்.

மை உள்ளே சர்க்யூட் பக்கம் போயிருப்பதாகச் சந்தேகம் வந்தால், மின் இணைப்பு கொடுக்காமல் சர்வீஸுக்கு எடுத்துச் செல்லுங்கள். சாய்க்காமல் கொண்டு போவது முக்கியம்.