அளவைக்கு அஞ்சாத விசுவாசம்

பெங்களூருவின் தமிழ்த் திருச்சபைகளில் வளர்ந்து, மென்பொருள் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள், வார நாள்களில் எந்தக் கூற்றுக்கும் தரவு கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆலய வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கும்படி எதிர்பார்க்கப்படும்போது, அவர்களில் சிலர் வாதாடுவதுமில்லை, மறுத்துப் பேசுவதுமில்லை, மெல்ல வராமல் நின்றுவிடுகிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்குச் சான்று என்ன, சுவிசேஷங்களை எதைக்கொண்டு நம்புவது என்னும் அவர்களின் கேள்விகளுக்கு ஆதாரத்தோடும் தர்க்கத்தோடும் விடை சொல்ல முடியுமா என்பது, இறையியல் வகுப்பறையைத் தாண்டி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்ட விவாதமாகும். முடியும் என்றே வரலாறு காட்டுகிறது. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதும், அந்த நிபந்தனையைத் தமிழ்ச் சபைகள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதும் இங்கே வற்புறுத்திச் சொல்லப்பட வேண்டியவை.

வாலிபர் கூட்டங்களில் இன்று ‘அபாலஜெட்டிக்ஸ்’ என்று வழங்கும் சொல், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தம் தரப்பில் நின்று கூறும் மறுமொழியைக் குறித்த ‘அப்பொலொகியா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்பிக்கைக்கான காரணத்தைக் கேட்கும் எவருக்கும் சாந்தத்தோடு மறுமொழி சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளைப் பணிக்கும் இடத்தில் இச்சொல்லே ஆளப்படுகிறது. ஆகவே கேள்வி கேட்பவரை விசுவாசமற்றவர் என்று ஒதுக்குவது வேதாகமத்துக்கே ஒவ்வாத செயல் என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிடுகிறது.

கேள்வி கேட்கும் நகரம்

இந்திய அறிவியல் கழகம் 1909-லும், ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-லும் தொடங்கப்பட்ட பெங்களூருவில், அறிவியலும் இறையியலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குடியேறி, நூறாண்டுக்கு மேலாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. இயற்பியல் பேராசிரியரும் பகுத்தறிவாளருமான எச். நரசிம்மையா, பசவனகுடி நேஷனல் கல்லூரியில் 1962-ல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கினார். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, 1976-ல், அற்புதங்களையும் சரிபார்க்கக்கூடிய மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழுவை அமைத்தார். குழுவின் பெயரிலேயே இடம்பெற்ற ‘சரிபார்க்கக்கூடிய’ என்னும் அடைமொழி கவனத்துக்குரியது. சரிபார்க்க முடிந்ததைச் சரிபார்க்க வேண்டும் என்ற அந்த நேர்மையான கோரிக்கை எந்த ஒரு மதத்தையும் மட்டும் குறிவைத்ததன்று. கிறிஸ்தவத்துக்கும் அது பொருந்தும். வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு ரோம ஆளுநரின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்ததாகத் தன் மையச் செய்தியை அறிவிக்கும் சமயம், வரலாற்றுச் சோதனையிலிருந்து விலக்குக் கேட்க முடியாது.

வாதத்தால் யாரையும் விசுவாசத்துக்குக் கொண்டுவர முடியாது என்னும் மாற்றுக் கருத்தும் இம்மண்ணில் பழையதே. மைசூர் நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு அபே துபுவா, 1823-ல் வெளியான தம் கடிதங்களில், இந்துக்களை மனித முயற்சியால் மனம் மாற்றுவது இயலாது என்றே முடிவுகட்டினார். அவர் பேசியது மதமாற்றத்தைப் பற்றி. இங்கே எழும் கேள்வியோ, ஏற்கெனவே ஆலயத்துக்குள் இருக்கும் ஒருவர் அறிவை அடகு வைக்காமல் அங்கேயே தொடர்ந்திருக்க முடியுமா என்பது.

அளவை என்னும் பழைய கருவி

இக்கேள்வியை எதிர்கொள்ளத் தேவையான கருவி தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. ஒன்றை உண்மை என்று அறிவதற்கான வழியை வடமொழியாளர் பிரமாணம் என்றனர். தமிழ் மரபு அளவை என்றது, நெல்லை மரக்காலால் அளப்பதுபோல அறிவையும் அளந்தே கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட. மணிமேகலையில் கதைத்தலைவி சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, முதலில் பேசும் அளவைவாதி அளவைகளைப் பற்றியே விரித்துரைக்கிறான். சைவ சித்தாந்தம் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தது: கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி, புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்து, 1950 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராகப் பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி, இந்தக் கருவியைக் கிறிஸ்தவ இறையியலின் கையில் கொடுத்தவர். கிறிஸ்தவப் பிரமாணங்கள் எவை என்று ஆராய்ந்து 1971-ல் வெளியான தம் ஆங்கில நூலில், மறைநூல், திருச்சபை, பகுத்தறிவு, அனுபவம் ஆகிய நான்கையும் அவர் முன்வைத்தார். இந்த நான்கும் ஒன்றையொன்று திருத்தும் தன்மையுடையவை என்று கொண்டால்தான் இந்த வரிசைக்குப் பயன் உண்டு. அனுபவம் மட்டும் தனித்து நின்றால் அது உணர்ச்சிப் பெருக்காகவும், மறைநூல் மட்டும் தனித்து நின்றால் அது வெறும் மேற்கோளாகவும் சுருங்கிவிடும்.

உயிர்த்தெழுதல் பற்றிய செய்தியை இக்கருவியால் அளந்தால், விவாதத்தின் பெரும்பகுதி தெளிந்துவிடும். அது இன்று எவருக்கும் காட்சி அளவையால் கிடைப்பதன்று. ஆகவே ஆய்வுக்கூடச் சோதனையைக் கேட்பதும், அத்தகைய சோதனை உண்டு என்று சொல்லிக்கொள்வதும் ஒருசேரத் தவறானவை. அசோகனைப் பற்றியும் இராசராசனைப் பற்றியும் அறிவதுபோலவே, உரையாலும் கருதலாலுமே அதை அணுக முடியும். உரை அளவைக்கு நியாய நூலார் விதித்த நிபந்தனை ஒன்றே: சொல்பவர் ஆப்தராக, அதாவது அறிந்தவராகவும் பொய் கலவாதவராகவும் இருக்க வேண்டும். கிறிஸ்தவச் சாட்சியின் முழு எடையும் இந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் தாங்கி நிற்கிறது.

சான்று எவ்வளவு தூரம் வருகிறது

கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, அகாயா மாகாணத்தின் ஆளுநரான கல்லியோனைக் குறிப்பிட்டு, அவர் ஏறத்தாழ கி.பி. 51, 52-ஐ ஒட்டிப் பதவியில் இருந்ததைக் காட்டுகிறது. பவுல் கொரிந்துவில் இதே கல்லியோனின் முன் நிறுத்தப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதால், பவுல் அந்நகரில் இருந்த காலம் தெரியவருகிறது. சில ஆண்டுகள் கழித்து அவர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 55-ஐ ஒட்டியது என்று பெரும்பாலான அறிஞர்கள் கணிக்க முடிவது இதனால்தான். அந்நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்றைப் பவுல் தருகிறார். தாம் பிறரிடம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகவும், கண்டவர்களில் பலர் அப்போதும் உயிரோடிருப்பதாகவும் அவர் எழுதுகிறார். சிலுவை மரணத்துக்கும் இந்தக் கடிதத்துக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 25 ஆண்டு, பட்டியலோ அதனினும் பழையது. கண்டவர்கள் இறந்தபின் பல தலைமுறை கழித்துப் புனையப்பட்ட கதை என்னும் மறுப்பு இதனால் வலுவிழக்கிறது.

ரோம வரலாற்றாசிரியர் தாசித்துசு, கிறிஸ்து என்பவர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டதை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்கள்மேல் சிறிதும் பரிவின்றிக் குறித்திருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. இவையெல்லாம் சேர்ந்து, இயேசு வாழ்ந்ததையும், சிலுவையில் இறந்ததையும், அவரைக் கண்டதாகச் சீடர்கள் மிக முற்பட்ட காலத்திலேயே உறுதியாக நம்பியதையும் நிலைநாட்டுகின்றன. அதற்குமேல், அந்த நம்பிக்கைக்கு எது காரணம் என்பது கருதல் அளவையின் எல்லைக்குள் வருவது. மனமயக்கம் என்பார் உண்டு, மெய்யாகவே கண்டார்கள் என்பார் உண்டு. அச்சத்தால் சிதறிய ஒரு சிறு கூட்டம் தான் சொன்னதற்காகத் துன்புறவும் துணிந்ததை விளக்க இரண்டாம் விடையே பொருத்தமானது என்று முடிவு செய்பவர் அறிவைத் துறந்தவர் ஆகமாட்டார்.

காசு காட்டிய அரசன்

சான்றின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேர உணர்த்த, சந்தேகத்துக்கே பெயர் போன சீடராகிய தோமாவின் இந்தியத் தொடர்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘தோமாவின் நடபடிகள்’ என்னும் நூல், அவர் இந்தியாவில் ஓர் அரசனுக்கு அரண்மனை கட்டித்தர ஒப்புக்கொண்ட கதையைச் சொல்கிறது. அப்படியோர் அரசன் இருந்ததற்கு வேறு வரலாற்றுத் தடயம் நெடுங்காலம் இல்லாதிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கிடைத்த காசுகளில் கொந்தொபரேசு என்னும் அவ்வரசனின் பெயர் வெளிப்பட்டது. கற்பனை என்று கருதப்பட்ட அரசன், முதல் நூற்றாண்டில் உண்மையாகவே ஆண்டவன் என்று தெரியவந்தது.

அரசன் இருந்ததால் அரண்மனைக் கதை உண்மையாகிவிடாது. தோமா மயிலாப்பூரில் மரித்தார் என்பதையும் அந்தக் காசு சொல்லாது. பரங்கிமலையில் 1547-ல் தோண்டியெடுக்கப்பட்ட பகலவி எழுத்துச் சிலுவையும், இங்கே பழைய கிறிஸ்தவச் சமூகம் ஒன்று இருந்ததைக் காட்டுவதேயன்றி, முதல் நூற்றாண்டு வரை நம்மைக் கொண்டு செல்வதில்லை. மரபு உண்மையாக இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே நுழைவதற்கு உரையின்மேல் நம்பிக்கை வேண்டும்.

பெருக்கிச் சொல்வதன் விலை

இந்த அளவோடு நிற்க மனமில்லாமையே தமிழ்க் கிறிஸ்தவத்தை இன்று உள்ளிருந்து அரிக்கும் நோய். யோசுவாவின் காலத்தில் நின்றுபோன நாளை அமெரிக்க விண்வெளி ஆய்வாளர்களின் கணினி கண்டுபிடித்தது என்றும், பார்வோனின் தேர்ச் சக்கரங்கள் செங்கடலின் அடியில் கிடக்கின்றன என்றும், இராட்சதரின் எலும்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பட்டது என்றும் கன்வென்ஷன் மேடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவரும் செய்திகள், சில நிமிடத் தேடலில் உடைந்துபோகக் கூடியவை. அவற்றைச் சொல்பவர்களில் பலர் நல்லெண்ணம் உடையவர்களே என்பதால் தீங்கு குறைந்துவிடுவதில்லை. எலும்புக்கூட்டின் படம் கணினியில் ஒட்டி உருவாக்கப்பட்டது என்று பெங்களூருவின் ஏதோ ஓர் அலுவலக மேசையில் அறிந்துகொள்ளும் இளைஞர், அதே மேடையிலிருந்து கேட்ட வெறுமையான கல்லறையின் செய்தியையும் அதே கூடையில் போட்டுவிடுகிறார். ஆப்தர் என்னும் தகுதியை ஒரு சிறு பொய்யில் இழந்தவரின் பேருண்மையை எவரும் கேட்பதில்லை.

இந்தச் சோதனை பழையது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்புவின் நூலில் இயேசுவைப் பற்றி வரும் பகுதியைப் பிற்காலத்துக் கிறிஸ்தவக் கை ஒன்று புகழுரையால் பெருக்கியிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்தப் பக்தியின் விளைவாக, அப்பகுதியில் மெய்யாக இருந்த சான்றின் மதிப்பும் ஐயத்துக்குள்ளாகிவிட்டது. திருவள்ளுவருக்கும் தோமாவுக்கும் தொடர்பு காட்டுவதற்கென்று உருவாக்கப்பட்ட போலி ஆவணங்களின் விவகாரம், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் நீதிமன்றம் வரை சென்று, தமிழ் மண்ணில் தோமா மரபைப் பற்றிய நேர்மையான ஆய்வையும் கேலிக்கு உள்ளாக்கியது.

நேர்மைக்கும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தன் சேகரிப்பில் இருந்த சாக்கடல் சுருள் துண்டுகள் பதினாறும் போலியே என்று அமெரிக்காவின் ஓர் அருங்காட்சியகம் 2020-ல் தானே அறிவித்தது. பிரான்சின் லூர்து திருத்தலத்தில் 1883 முதல் இயங்கும் மருத்துவப் பணியகத்திடம் இதுவரை குணம் பெற்றதாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். அவற்றுள் திருச்சபை அற்புதமாக ஏற்றவை எழுபதுக்குச் சற்று அதிகமே. சுகமளிக்கும் கூட்டங்களின் சாட்சிகளை மருத்துவ அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் பெங்களூருத் தமிழ்ச் சபைகளிலும் வேரூன்றினால், 1976-ன் குழு கேட்ட கேள்விக்குச் சபையே விடை சொல்லத் தொடங்கியதாகும்.

எட்டு நாள்

செய்ய வேண்டியது அரிதான காரியமன்று. ஓய்வுநாள் பாடசாலையிலும் வாலிபர் கூட்டத்திலும் ஒவ்வொரு கூற்றையும் சொல்லும்போது, இது கல்வெட்டால் தெரிந்தது, இது உய்த்துணர்ந்தது, இது மரபு சொல்வது, இது இன்னும் தெரியாதது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் போதும். ‘தெரியாது’ என்று மேடையில் சொல்லத் துணியும் போதகரின் ‘தெரியும்’ என்ற சொல்லுக்கே எடை கூடும்.

உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகத் தோழர்கள் சொன்னபோது தோமா நம்பவில்லை. காயத்தைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகவே கூறினார். யோவானின் சுவிசேஷத்தின்படி, எட்டு நாள் கழித்து இயேசு மறுபடியும் வந்தபோது, தோமா அதே வீட்டில், அதே சீடர்களோடு இருந்தார். அந்த எட்டு நாளும் அவரை ஒருவரும் வெளியே அனுப்பவில்லை. அவரை நம்பவைக்க எவரும் கண்டதற்குமேல் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னதாகவும் சுவிசேஷம் குறிப்பிடவில்லை. பெங்களூருவின் தமிழ்ச் சபைகளிடம் அவற்றின் பிள்ளைகள் இன்று கேட்பது அந்த எட்டு நாளைத்தான்.