காணாமப்போன காரை அதோட கம்ப்யூட்டர் காட்டிக் கொடுக்குமா?

காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போறீங்க. வண்டியை நிறுத்திட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில குளிக்கிறீங்க. திரும்பி மேல வந்தா வண்டியைக் காணோம். இப்போ, அந்த வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் போலீஸுக்கு உதவுமா?

உதவும். ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

ஜிபிஎஸ் சிப், கார் எங்க இருக்குன்னு காருக்கு மட்டும்தான் சொல்லும். அதை வெளிய அனுப்ப மொபைல் இணைப்பு வேணும். 2019-ல வந்த ஹூண்டாய் வென்யூ மாதிரி கார்கள்ல அதுக்குன்னே இ-சிம் உள்ளேயே இருக்கு. ஆனா அந்தத் தகவல் போறது கம்பெனி சர்வருக்கு, காவல் நிலையத்துக்கு இல்ல. நீங்க புகார் கொடுத்த பிறகுதான் கம்பெனியும் போலீஸும் சேர்ந்து தேட முடியும். சந்தாவைப் புதுப்பிக்காம விட்டிருந்தா, அதுவும் நடக்காது.

எல்லாம் சரியா அமைஞ்சா பலன் பெருசு. 2009 அக்டோபர்ல அமெரிக்காவோட கலிஃபோர்னியாவுல ஒரு திருட்டுக் காரை போலீஸ் துரத்தினாங்க. ஆன்ஸ்டார் நிறுவனம் தூரத்துல இருந்தே அதோட வேகத்தைக் குறைச்சு நிறுத்திடுச்சு.

இங்க சிக்கல் என்னன்னா, மலையில சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். டாக்சி, பஸ்ல பொருத்துற ஏஐஎஸ் 140 கருவி, சிக்னல் இல்லாதப்போ இடத்தைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, கிடைச்சதும் அனுப்பும். வண்டி எந்த வழியாப் போச்சுன்னு தெரியும், ஆனா தாமதமாத்தான் தெரியும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. 2024 செப்டம்பர் 27 அன்னிக்கு திருச்சூர்ல ஏடிஎம்களைக் கொள்ளையடிச்ச கும்பல், தாங்க வந்த காரை கன்டெய்னர் லாரிக்குள்ள ஏத்தி மறைச்சாங்க. அவங்க பிடிபட்டது கொல்லிமலை இருக்கிற இதே நாமக்கல் மாவட்டத்துல, குமாரபாளையம் பக்கம். அது கார் திருட்டு வழக்கு இல்லதான். ஆனா திருட்டுக் காரையும் இப்படி மறைக்கலாமே? நாலு பக்கமும் மூடின இரும்புப் பெட்டிக்குள்ள ஜிபிஎஸ் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். அன்னிக்கு கைகொடுத்தது கேரள போலீஸோட தகவலும் ரோட்டுல நடந்த துரத்தலும்தான்.

அதைவிட முக்கியம், நம்ம நாட்டுல திருடு போறதுல பெரும்பங்கு டூவீலர். அதுல பெரும்பாலானதுல இந்த வசதியே கிடையாது. அங்க நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமராவைத்தான் நம்பணும். உங்க நம்பர் திருட்டுப் பட்டியல்ல ஏறினாத்தான் அதுவும் எச்சரிக்கும்.

அதனால வண்டி காணோம்னா, ஆப்பைத் திறந்து நீங்களே துரத்திக்கிட்டுப் போகாதீங்க. உடனே 112-க்கு கூப்பிட்டு புகார் கொடுங்க. ஆப் காட்டுற இடத்தை போலீஸ்கிட்ட காட்டுங்க. சேசிஸ் நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. திருடன் கருவியைப் பிடுங்கிப் போடுறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் கம்ப்யூட்டரால உதவ முடியும்.