பி. ரம்லி பிறந்த வீட்டில் நம்மவர் சுவடு

பினாங்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தண்ணீர்மலையும் கொடிமலையும் பாலமும்தாம். அதே தீவில், ஜாலான் பி. ரம்லியில், தூண்களின் மேல் நிற்கும் ஒரு பலகை வீடு உண்டு. மலாய்த் திரையுலகின் மாமேதை பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பிறந்த வீடு அது. இன்று தேசிய ஆவணக் காப்பகம் அதனை அரும்பொருளகமாகப் பராமரித்து வருகிறது. சென்ற விடுமுறையில் என் மலாய்த் தோழியுடன் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி அங்குச் சென்று வந்தேன்.

உண்மையைச் சொல்வதென்றால், அதுவரை பி. ரம்லி எனக்கு அந்நியராகவே இருந்தார். தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, அவருடைய பாடல்கள் இல்லாத பள்ளி விழாவே இல்லை. தோழியர் மனப்பாடமாகப் பாடுவர். நான் வெறுமனே கை தட்டுவேன். ‘இது அவர்கள் படம், நம் படம் சென்னையிலிருந்து வருவது’ என்பது என் எண்ணம்.

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவோ வேறொன்று சொல்வார். தொலைக்காட்சியில் ரம்லி படம் ஓடும்போதெல்லாம், “இதெல்லாம் நம்ம ஆளுங்க சொல்லிக் கொடுத்ததும்மா” என்பார். தாத்தா பெருமைக்குப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிடுவேன். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளவே அந்த வீட்டிற்குப் போனேன்.

வீடு சிறியதுதான். சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். தியூக்கு சக்கரியா என்பதே அவருடைய இயற்பெயர். ‘பி’ என்ற எழுத்து, தந்தை பெயரான ‘பூத்தே’ என்பதன் முதலெழுத்து. 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்னும் பஞ்சாபிய இயக்குநர். முதல் மலாய்ப் படம் எனப்படும் ‘லைலா மஜ்னுன்’ என்ற படத்தை 1933-இல் இயக்கியவரும் இவரே.

சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த அந்தப் படப்பிடிப்புக் கூடம் யாருடையது தெரியுமா? சீனர்களான ஷா சகோதரர்களுடையது. அவர்களின் மூத்த அண்ணன் 1925-இல் ஷாங்காயில் ‘தியான்யி’ என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். தம்பியர் படங்களை விற்கத் தென்கிழக்காசியாவுக்கு வந்து, திரையரங்குகளைக் கட்டி, பிறகு மலாய்ப் படங்களையும் தயாரித்தனர். பெய்ஜிங்கில் சீனத் தேசியத் திரைப்பட அரும்பொருளகம் ஒன்று 2007-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சீனத் திரைப்படத்தின் நூற்றாண்டை நினைவுகூரக் கட்டப்பட்டது அது. அந்த நூற்றாண்டு வரலாற்றின் ஒரு கிளை நம் மண்ணில் மலாய் மொழி பேசி வளர்ந்தது என்பதே வியப்பு.

முதலீடு சீனருடையது, நடிப்பும் பாட்டும் மலாய்க்காரருடையவை, இயக்கமோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுடையது. அவர்களுள் நாம் மறக்கக்கூடாதவர் டான் ஸ்ரீ எல். கிருஷ்ணன். 1922-இல் சென்னையில் பிறந்த இவர், சிறுவயதிலேயே பினாங்கிற்கு வந்து வளர்ந்தவர். ஆக, ரம்லி குழந்தையாக இருந்த அதே தீவில் இவரும் சிறுவனாகத் திரிந்திருக்கிறார்! 1950-இல் ‘பக்தி’ என்ற படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் இவர்தான். அக்காலத்தில் நடிகர் வாயசைக்க, வேறொருவர் குரல் கொடுப்பதே வழக்கம். அந்தப் படத்தில் ரம்லி தம் பாத்திரத்துக்குத் தாமே பாடினார். கிருஷ்ணன் 2014-இல் காலமானார்.

ரம்பையின் காதல் போன்ற தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவும் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை எடுத்தார். வங்காளியான பானி மஜும்தார் 1956-இல் எடுத்த ‘அனாக்கு சசாலி’ படத்திற்காக ரம்லி மறு ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

எல்லாம் புகழ்ச்சி மட்டுமல்ல. இந்திய இயக்குநர்களின் கதைகள் இந்தியக் கதைகளாகவே இருக்கின்றன, மலாய் வாழ்க்கை அவற்றில் இல்லை என்ற குறை அன்றே எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1955-இல் ரம்லி தாமே ‘பெனாரேக் பேச்சா’ என்ற படத்தை இயக்கினார். மாணவர் ஆசிரியரானார் என்று இதனைக் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் தோழியிடம் சொன்னபோது, “எனக்கும் இது தெரியாதே!” என்றாள். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இங்குத் தொழில்நுட்பம் பற்றியும் சொல்லவேண்டும். அன்றைய படம் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் பதிவானது. ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஒளிக்கு முன் ஓடும். ஒரு நிமிடத்திற்கு 90 அடி என்றால், இரண்டு மணி நேரப் படத்திற்கு 10,800 அடி, அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் மேல். ஒலியும் அதே சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிவாகும். 1950-களின் தொடக்கம் வரை பரவலாகப் பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்னர் வந்த அசிட்டேட் சுருளோ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, காடி வாடை வீசத் தொடங்கும். நம் நாட்டு வானிலையில் அதற்குச் சொல்லவா வேண்டும்?

பி. என். ராவ் 1957-இல் இயக்கிய ‘பொந்தியானாக்’ அன்றைய பெரும் வெற்றிப்படம். அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. ஆனால், அந்த முதல் படத்தின் ஒரு படிகூட இன்று இல்லை. பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே அது இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

என் தாத்தாவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். எந்தத் திரையரங்கில், யாரோடு, எத்தனை காசு கொடுத்து அந்தப் படங்களைப் பார்த்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் சொன்னது சரிதான் என்று சொல்வதற்கும் அவர் இல்லை. சிதைந்துபோன படச்சுருளுக்கும் கேட்காமல் விட்ட அந்தக் கதைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அன்பு மாணவ நண்பர்களே, அடுத்த முறை பினாங்கிற்குச் செல்லும்போது ஜாலான் பி. ரம்லிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். போகும் முன், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அவர்கள் பார்த்த முதல் படத்தைப் பற்றிக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்நாட்டுத் திரைப்பட வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நாம் கேட்டு எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் தெரியும்.