பேஸ் கிற்றாருக்கு எந்தப் பூச்சு? பேணியைத் திறக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கடையில் தொங்கும் பேஸ் கிற்றாரின் விலையைக் கேட்டுவிட்டு, பலகை வாங்கித் தானே செய்யலாம் என்று ஓமந்தையில் ஓர் இளைஞர் முடிவெடுத்தால் அதை மனதார வரவேற்க வேண்டும். உடலை அறுத்துச் செதுக்க ஒரு தச்சரின் துணை போதும். பிக்கப்பும் ரியூனரும் வெளியே வாங்கலாம். ஆபத்து பூச்சு வேலையில்தான் இருக்கிறது. எது அதிகம் பளபளக்கும் என்பதே எல்லோருடைய முதற்கேள்வி. எங்கே வைத்துப் பூசப் போகிறோம், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

மின் பேஸ் கிற்றாரின் ஓசை கம்பியிலும் பிக்கப்பிலும் இருந்து வருகிறது. மெல்லிய பூச்சு அதைக் கெடுப்பதுமில்லை, உயர்த்துவதுமில்லை. வியர்வையையும் ஈரத்தையும் தடுப்பதே பூச்சின் வேலை. ஆடி வெயிலில் காய்ந்து சுருங்கும் பலகை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். முகப்புக்கு ஆறு தடவை பூசிவிட்டு பிக்கப் குழியையும் அடிப்புறத்தையும் வெறுமையாக விட்டால் ஈரம் அந்த வழியால் ஏறி மரத்தை வளைக்கும். குறிப்பாக, 34 அங்குலக் கம்பிகளின் இழுவையைத் தாங்கும் கழுத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவான காப்பு வேண்டும். குறுக்கே வெட்டிய முனைகள் அதிகம் உறிஞ்சுவதால் அங்கே கூடுதலாக ஒரு தடவை பூசுங்கள்.

வன்னியில் நல்ல பலகை பல நேரம் பழைய கதவிலும் யன்னலிலும் இருந்துதான் கிடைக்கும். தேக்கும் முதிரையும் அப்படி வந்தால் பொக்கிஷம். ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும் பழைய எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். வர்ணப்பூச்சில் ஈயத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் வர்த்தமானி அறிவித்தல் இலங்கையில் 2011 இல்தான் வெளியானது. நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1 இல். மில்லியனில் 90 பங்குக்கு மேல் ஈயம் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2013 க்கு முந்திய கதவில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை உலர்வாக அரத்தாளால் தேய்த்தால் தூசி முற்றத்தில் படியும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போகும். சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க மிகச் சிறிய அளவு ஈயமே போதும். ஆகவே ஈரமாக்கித் தேயுங்கள், கீழே பொலித்தீன் விரித்துத் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், சட்டையை வேறாகத் துவையுங்கள். முதிரைத் தூசி தனியாகவே தோலில் கடியையும் சிவப்பையும் தரக்கூடியது. இன்னொன்று: போர்க்காலத்தில் நின்ற மரமென்றால் இழைப்பதற்கு முன் பலகைமேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உலோகச் சிதறல் இழைப்புளியையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

இனி பூச்சுகள். வாகனம் பூசும் கராஜ்களில் பழக்கமான 2கே, அதாவது கடினமாக்கி கலக்கும் பொலியூரித்தேன், கண்ணாடிபோல மின்னும், சீக்கிரம் தேயாது. அந்தக் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்கும். விசிறும்போது எதுவும் தெரியாமலே போகலாம். இரவில்தான் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளியளவு பட்டாலே மூச்சு முட்டும். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இதற்கு எந்தக் காப்பும் அல்ல. வீட்டில் வைத்து 2கே விசிற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பளபளப்புத்தான் வேண்டுமென்றால் தனி விசிறல் அறையும் தூய காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியும் உள்ள இடத்தில் கொடுங்கள்.

என்சி லாக்கர் பழைய கிற்றார்களின் பூச்சு. வேகமாகக் காயும், கீறினால் திருத்துவதும் எளிது. மழைநாளில் அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளை பூக்கும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. அது நிலத்தோடு ஊர்ந்து, குசினியில் எரியும் விறகடுப்பைத் தேடிப் போய்ப் பற்றும். தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990 அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

வீட்டு முற்றத்துக்கு ஏற்றவை கையால் தேய்க்கும் எண்ணெய், ஷெல்லாக், நீரில் கரையும் வார்னிஷ் ஆகிய மூன்றும்தான். எண்ணெய் பூசிய கழுத்தில் கை ஒட்டாமல் வழுக்கும். அதற்கும் ஓர் ஆபத்து உண்டு, அது பலருக்குத் தெரியாது. லின்சீட் எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றி எரியும். 1991 பெப்ரவரி 23 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படிப்பட்ட துணியிலிருந்துதான் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் மூவர் இறந்தனர். எண்ணெய் ஊறிய துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு; நேரே வார்னிஷ் பூசினால் காயாமல் பிசுபிசுக்கும், பிறகு உரிந்து வரும். முதலில் மெல்லிய ஷெல்லாக் பூசி அடைத்துவிட்டு அதன்மேல் வார்னிஷைப் பூசலாம். எதுவானாலும் அதே மரத்தின் துண்டொன்றில் முதலில் பூசிப் பாருங்கள்.

வீட்டில் செய்த வாத்தியம் தரத்தில் தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குவீன் குழுவின் பிரையன் மே, தன் தந்தையோடு 1963 இல் செய்யத் தொடங்கிய கிற்றாரின் கழுத்துக்குப் பழைய கணப்பு மேடையின் மரம்தான் உதவியது. அதன் மேற்பூச்சு கடையில் கிடைத்த மரவேலைப் பூச்சு. பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் பேஸின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பொக்சியையே பூசினார்; ஃப்ரெட் கட்டை இல்லாத பலகையைக் கம்பி அரிக்காமல் இருக்க அது தேவைப்பட்டது. ஆனால் எப்பொக்சியைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பேணியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரக் கடைக்காரர் கடமைப்பட்டவர். வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் அச்சட்டம் தடைசெய்கிறது. லேபல் இல்லாத போத்தலில் ஊற்றித் தரும் தின்னரை வாங்காதீர்கள். பிறகு முறையிடுவதற்குக் கையில் ஆதாரமே இருக்காது. சொன்னபடி காயாத, உரிந்து வரும் பூச்சுக்கு முதலில் கடைக்காரரிடம் மாற்றோ பணமோ கேளுங்கள். மறுத்தால் 1977 க்கு அழைத்து வழி கேட்டு, அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை. தச்சரோடோ பூச்சுக்காரரோடோ கூலிப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபையை நாடலாம். எப்படியும் வேலை முடிந்து 3 மாதம் ஆகும்வரை பேணியை எறியாதீர்கள். அதிலுள்ள தொகுதி இலக்கமும் பற்றுச்சீட்டும்தான் உங்கள் சாட்சி.