நிலத்தின் கணக்கேடு

கோவண்டியில் குடியிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற கோடையில் எங்கள் கிளைக்கு வந்தார். திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள பூர்வீக நிலத்தில் ஆழ்துளைக் கிணறு அமைக்கக் கடன் வேண்டும் என்றார். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று அனைத்தும் அவரது கோப்பில் ஒழுங்காக இருந்தன. இதற்கு முன் அங்கே துளையிட்டதுண்டா என்று வினவினோம். இரண்டு இடங்களில் போட்டதாகவும், இரண்டிலும் புகைதான் வந்தது என்றும் கூறினார். மூன்றாவது இடத்தை, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் குறித்துக் கொடுத்திருந்தார்.

நிலம் யாருடையது என்பதைக் கூற அக்கோப்பில் நான்கு ஆவணங்கள் இருந்தன. நிலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கூற ஓர் ஆவணமும் இல்லை. அத்தகைய ஆவணம் ஒன்று நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாராகி வருகிறது. அதுவே நிலவியல் வரைபடம். அதனை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடம் உருவாகும் விதம்

ஜி.எஸ்.ஐ. என்று அறியப்படும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, 1851-ஆம் ஆண்டு தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கப்பட்டது. நிலக்கரியைத் தேடுவதே அதன் முதல் பணி. கொல்கத்தாவைத் தலைமையகமாகக் கொண்ட இத்துறையின் ஆய்வாளர்கள், சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி ஓடை, கல்குவாரி, மலைச்சரிவு எனப் பாறை வெளித்தெரியும் இடமெல்லாம் நடந்து செல்கின்றனர். பாறையின் வகை யாது, அடுக்கு எத்திசையில் எவ்வளவு சாய்ந்துள்ளது, பிளவு எங்கே ஓடுகிறது என்பவற்றைக் குறிக்கின்றனர். பின்னர் ஒவ்வொரு பாறை வகைக்கும் ஒரு நிறமும், பிளவுகளுக்குக் கோடும், சாய்வுக்கு ஒரு குறியும் இட்டு வரைபடம் ஆக்குகின்றனர். இன்று செயற்கைக்கோள் படங்களும் துணை நிற்கின்றன. ஆயினும், கையால் உடைத்துப் பார்த்த கல்லே இறுதிச் சான்று.

பரவலாகப் பயன்படும் வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது, தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர்.

வரைபடம் ஈட்டித் தந்தவை

1930-களில் நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. ஒரு கிணற்றில் கண்டது ஒரு செய்தி மட்டுமே. அது எத்தனை சதுர கிலோமீட்டர் பரவியுள்ளது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அளந்து வரைந்த பிறகே அது வளமாயிற்று. 1956-இல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பிறந்தது. அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் அடுக்குகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு ஆராய்ந்து பதிவு செய்தார். இன்று அவ்வட்டாரம் சிமெண்ட் ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. மும்பைக் கடலுக்கு அடியிலும் இவ்வாறே அடுக்குகளை ஆராய்ந்த பின்னரே 1974-இல் 'பாம்பே ஹை' எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது.

ஆராய்ச்சி உலகமும் இதனால் பயன் பெற்றது. ஜி.எஸ்.ஐ. அலுவலரான ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல் மனித வரலாற்று ஆய்வு அங்கிருந்தே வேரூன்றியது.

கோவண்டியின் தரை

இனி நம் காலடிக்கு வருவோம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு படலம் படலமாகப் பரவியது. மும்பையின் அடித்தளம் அக்காலத்து எரிமலைப் பாறைகளால் ஆனது. அந்தேரியில் தூண்கள் அடுக்கியது போல் நிற்கும் கில்பர்ட் குன்று அதன் கண்கண்ட சாட்சி. டிராம்பே குன்றும் எரிமலைப் பாறையே. ஆனால் அதே எம்-கிழக்கு வார்டில், தானே கழிமுகத்தை ஒட்டிய பகுதி வேறு வகையானது. அங்கே கடல் களிமண்ணும் சதுப்பும், பிற்காலத்தில் கொட்டி நிரப்பிய மண்ணும் உள்ளன. 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவனார் வளாகமும் இங்கேதான் உள்ளது.

ஆகவே, ஒரே வார்டில் விலைக்கு வரும் இரண்டு வீடுகள் இருவேறு தரைகளில் நிற்கலாம். களிமண் பாரம் தாங்காமல் மெல்ல அமுங்கும். ஒருபுறம் மிகுதியாக அமுங்கினால் சுவர் விரியும். ஆதலால் அங்கே உயர்ந்த கட்டடங்களுக்கு உறுதியான அடுக்கு வரை தூண் அடித்தளம் இறக்குகின்றனர். குன்றின் பாறை பாரம் தாங்கும். எனினும் சரிவில் மழைநீர் இறங்கினால் அங்கே வேறோர் ஆபத்து உண்டு. 2021 ஜூலையில் செம்பூர் மாகுல் பகுதியில் பெருமழையின்போது சுவர் இடிந்து வீடுகளின் மேல் சரிந்ததில் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை.

வாடிக்கையாளர் செய்யத் தக்கவை

வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் சட்ட ஆய்வறிக்கை உரிமையைச் சொல்லும்; மதிப்பீட்டு அறிக்கை விலையைச் சொல்லும். தரையைப் பற்றி அறிய, மண் பரிசோதனை அறிக்கையைக் கட்டுநரிடம் கேட்டுப் பெறுங்கள். பழைய கட்டடமாயின் கட்டமைப்பு உறுதிச் சான்றையும் பாருங்கள்.

ஜி.எஸ்.ஐ.யின் 'பூகோஷ்' என்னும் இணைய வாயிலில் நிலவியல் வரைபடங்களைக் கட்டணமின்றிக் காணலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: 1:50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். உங்கள் கட்டடம் அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். வட்டாரத்தின் இயல்பை வரைபடம் காட்டும்; உங்கள் மனையின் இயல்பை அங்கே இடும் சோதனைத் துளையே காட்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

ஊரில் கிணறு அமைப்போர்க்கும் இது பொருந்தும். தமிழகத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். அங்கே நீர் பாறைக்குள் இல்லை. பாறையின் வெடிப்புகளிலும் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் தங்குகிறது. வெடிப்பைத் தவறவிட்டால் பத்தடி தள்ளியும் புகைதான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கி நாடு முழுவதும் நீர்கொள் படுகைகளை வரைந்துள்ளது. தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை, மின்தடை அளவீடு மூலம் இடம் பார்த்துத் தருகிறது.

எங்கள் வாடிக்கையாளரை அத்துறையை அணுகுமாறு கேட்டுக்கொண்டோம். குறித்து வைத்திருந்த இடத்தில் துளையிட அவர்கள் பரிந்துரைக்கவில்லை. பழைய திறந்த கிணற்றைத் தூர்வாரி, மழைநீரை அதனுள் திருப்பிவிடுவதே மேல் என்றனர். முதலில் கேட்டதில் பாதித் தொகையைக் கடனாகப் பெற்று அவ்வாறே செய்தார். கிணறு நிரம்பியதா என்பதை இவ்வாண்டு மழை சொல்லட்டும். மூன்றாவது முறை புகைக்குத் தவணை கட்டும் நிலை அவருக்கு வரவில்லை.

கடனைக் கொடுப்பது மட்டும் எங்கள் கடமையன்று. கிணறு வற்றினாலும் தவணை வற்றாது. ஆதலின் கையொப்பமிடும் முன், பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது போலவே, நிலத்தின் கணக்கேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பார்க்கும் வழி தெரியாவிடில் எங்கள் கிளைக்கு வாருங்கள். உடன் அமர்ந்து பார்ப்போம்.