ஒரு காட்டேரி, மூன்று முகங்கள்



டிராகுலா என்னும் இரத்தக் காட்டேரியைப் படத்தில் பார்த்துவிட்டு, இரவில் தனியே வெளியே போக அஞ்சும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. கேலி செய்தால் அந்த அச்சம் போகாது. அச்சம் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்று விளக்கினால் குறையும். அதற்காகவே, ஒரே வேடத்தை மூன்று நடிகர்கள் எப்படிச் செய்தார்கள் என்று இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

டிராகுலா கற்பனைப் பாத்திரம். அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட நாவலில் வருபவன்.

1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் என்பவர் ‘நொஸ்பெராட்டு’ என்ற ஊமைப்படத்தை இயக்கினார். அனுமதி பெறாமல் எடுத்த படமாதலால், காட்டேரியின் பெயரை ஓர்லாக் பிரபு என்று மாற்றினார்கள். ஆயினும் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி 1925-ல் தீர்ப்பாயிற்று. சில பிரதிகள் தப்பியதால் படம் பிழைத்தது. இதில் நடித்தவர் மேக்ஸ் ஷ்ரெக். மொட்டைத் தலை, எலியைப் போன்ற முன்பற்கள், நீண்ட நகங்கள். பேச்சு இல்லை; உடலே பேசிற்று. மாடிப்படியில் ஏறும் அவர் நிழல் ஒன்றே நம்மை நடுங்க வைக்கும். அவனோடு எலிகளும் கொள்ளைநோயும் ஊருக்குள் நுழைகின்றன.

இரண்டாமவர் ஹங்கேரியில் பிறந்த பேலா லுகோசி. 1927 முதல் நியூயார்க் நாடக மேடையில் நடித்த வேடத்தையே 1931-ல் அமெரிக்கப் பேசும் படத்திலும் ஏற்றார். கோரைப் பற்கள் காட்டப்படவில்லை. அழகிய உடை, நிதானமான பேச்சு, கூர்ந்த பார்வை, இவை மட்டுமே. கண்களின் மீது மட்டும் சிறு விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்தார்கள். அச்சம் அந்த ஒளியில் பிறந்தது.

மூன்றாமவர் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் லீ. 1958-ல் வந்த அவரது படம் வண்ணப்படம். ஆறடிக்கு மேல் உயரமான அவர், முதலில் மரியாதையோடு விருந்தினரை வரவேற்கிறார். பிறகு திடீரென்று சிவந்த கண்களும் இரத்தம் தோய்ந்த கோரைப் பற்களுமாய்ப் பாய்கிறார். 1966-ல் வந்த மற்றொரு டிராகுலா படத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, ஆனாலும் பயமுறுத்தினார்.

நேயர்களே, ஷ்ரெக்கின் முகத்தைக் கண்டால் எவரும் விலகி ஓடுவர். லுகோசியும் லீயும் அப்படியல்லர். வீட்டுக்குள் அழைத்து உட்கார வைக்கத் தோன்றும். தீமை எப்போதும் கோர முகத்தோடு வருவதில்லை, இன்சொல்லோடும் வரும். பிள்ளைகள் உண்மையில் அறிய வேண்டியது இதுதான்.

இன்னொன்று. வெயில் பட்டால் காட்டேரி அழிந்துவிடும் என்பார்கள். அது ‘நொஸ்பெராட்டு’ படத்தில் புகுத்தப்பட்டது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். ஆக, காட்டேரியின் சட்டதிட்டங்களும் மனிதர் வகுத்தவையே.

அடுத்த முறை இத்தகைய படம் பார்க்கும்போது பிள்ளைகளின் அருகில் அமருங்கள். “வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? இசை எப்போது ஓங்கியது?” என்று கேளுங்கள். விடை தேடும் பிள்ளைக்கு அச்சம் மெல்ல விலகும். நடிகரின் உழைப்பும் விளங்கும்.